யூரோப்பியமும் நிலாவெளிக் கறுப்பு மண்ணும்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிக்கும்,

நேரில் வந்து பேசச் சொல்லித்தான் என்னைக் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

காந்தத்தை அளக்கும் இயந்திரத்தை எப்படிப் பூட்டுவது, எந்த வால்வை முதலில் திறப்பது என்பதையெல்லாம் சிவமண்ணன் காட்டித் தருவார். தொழில்நுட்ப அலுவலராக அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் சொல்ல வந்தது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அதை இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நல்லபடியாக முடிந்த பிழை என்பதால்தான் சொல்ல முடிகிறது.

இந்த ஆய்வுகூடத்தில் நான் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். முதல் ஆறு வருடம் கூட்டித் துடைத்தேன். பிறகு ஒருநாள் இயந்திரத்தில் அளக்கும் சின்னப் படிகத் துண்டை, நாங்கள் பளிங்கு என்போம், கட்ட ஆள் இல்லாமல் போக, என் விரல் நடுங்காது என்பதைக் கண்டுகொண்ட அப்போதைய தலைவர் என்னை அந்த மேசையில் இருத்தினார். படித்தவர்கள் கேள்வி கேட்டால், ஓமென்றால் தலையாட்டுவேன், இல்லையென்றால் தலையை அசைப்பேன். வாய் திறப்பது குறைவு. "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ வச்சிருக்கிறாய்?" என்று சிவமண்ணன் கேட்காத கிழமை இல்லை.

யூரோப்பியம் என்ற உலோகம் கலந்த பளிங்குகளை நீங்களும் கையாளுவீர்கள். எள்ளில் பாதி அளவு, கறுத்த மினுக்கம். ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். எங்கள் ஜன்னலைத் திறந்தால் திருகோணமலைத் துறைமுகம். காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இவ்வளவு பாடுபட்டு அதில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. பர்ஹானா மிஸ்தான் தானாக ஒருநாள் சொல்லித் தந்தார்.

பர்ஹானா மிஸ் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருபவர். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு மேசையில் தீக்குச்சிகளைப் பரப்பினார். ஒரு வரிசையில் மருந்துத் தலை எல்லாம் கடற்பக்கம், அடுத்த வரிசையில் எல்லாம் சுவர்ப்பக்கம், பிறகு மறுபடி கடற்பக்கம். ஒவ்வொரு யூரோப்பிய அணுவும் ஒரு சின்னக் காந்தம் என்றார். நாங்கள் இருக்கும் வெக்கையில் அவை கண்டபடி திரும்பிக் கிடக்கும். நன்றாகக் குளிர விட்டால், இந்தப் பளிங்கில் இருபத்தைந்து கெல்வினுக்குக் கிட்ட, அவை இப்படி வரிசைக்கு வரும். ஒரு அடுக்கு ஒரு பக்கம், அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம். ஒன்றின் பலத்தை மற்றது அழித்துவிடுவதால், வெளியில் இருந்து பார்ப்பவருக்கு உள்ளே காந்தமே இல்லாதது போலத் தெரியும். கெல்வின் என்பது ஆகக் கடைசிக் குளிரைப் பூச்சியமாக வைத்து எண்ணுவது; ஐஸ்கட்டியே அதில் இருநூற்றெழுபத்து மூன்று. அப்படியென்றால் இருபத்தைந்து எவ்வளவு குளிர் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பது எனக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அந்தப் பளிங்குகளை இன்னும் கவனமாகத் தொட்டேன்.

பளிங்கை இயந்திரத்துக்குள் இறக்குவது இளநீர்க் கடையில் தரும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோவில். சிரிக்காதீர்கள், பெரிய நாடுகளிலும் அப்படித்தானாம். ஸ்ட்ரோவுக்குப் பாரமில்லை, காந்தத்தோடு சேர்க்கையும் இல்லையென்று சொல்லலாம், நுனி முதல் நுனி வரை ஒரே மாதிரி. அதை வெட்டி, பளிங்கை உள்ளே வழுகாமல் செருகி, கம்பியில் கட்டுவது என் வேலை. புதுப் பெட்டி உடைத்தால் முதலில் வெறும் ஸ்ட்ரோ ஒன்றை இறக்கி, இயந்திரம் அதில் ஒன்றும் காட்டவில்லை என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது எங்களிடம் ஸ்ட்ரோ முடிந்தது. கடைகளில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ விற்கக்கூடாது என்று வந்துவிட்டதால் எங்கே கேட்டாலும் கடதாசி ஸ்ட்ரோதான். கடதாசியில் பளிங்கைக் கட்ட ஏலாது. பர்ஹானா மிஸ் வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். அதற்கு இரண்டு மாதமாகும். எனக்கு அப்போது நிலாவெளிக் கடற்கரையில் இளநீர்க் கொட்டில் வைத்திருக்கும் மச்சானின் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கொட்டிலின் பின்பக்கம் பழைய பெட்டி ஒன்று மூடி கழன்று கிடந்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் வெள்ளை ஸ்ட்ரோ. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன். திங்கட்கிழமை பர்ஹானா மிஸ் அதைக் கண்டு, "அண்ணன், நீங்க இல்லாட்டி இந்த லாப் ஓடாது" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பெட்டியின் அடியில் கொஞ்சம் மண் கிடந்தது. பின்கதவைத் திறந்து சீமெந்து விளிம்பில் தட்டிக் கொட்டினேன். ஸ்ட்ரோக்களின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தேன். வெறும் ஸ்ட்ரோவை அளக்க வேண்டும் என்று ஆயத்தப்படுத்தும்போது கரண்ட் போய்விட்டது. அந்த மாதங்களில் வீதியில் கேபிள் மாற்றினார்கள். காலையில் இருந்தால் பின்னேரம் இருக்காது. அடுத்த நாள் கரண்ட் வந்தபோது பர்ஹானா மிஸ் பளிங்கோடு அவசரமாக வந்தார். இயந்திரம் குளிர மணித்தியாலக் கணக்காகும், ஒரு நிமிடமும் வீணாக்க ஏலாது. "வெறும் ஸ்ட்ரோ பாத்தாச்சா அண்ணன்?" என்று வாசலிலேயே கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

ஏன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்றில்லை. "இல்லை" என்று சொன்னால், ஏன் இல்லை என்று கேட்பார். கரண்ட் போன கதையைச் சொல்ல வேண்டும். அவ்வளவு பேசுவதை விடத் தலையாட்டுவது எனக்குச் சுகம். ஸ்ட்ரோ என்றால் ஸ்ட்ரோதானே, பின்னேரம் அளந்துவிடுவோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பின்னேரம் கரண்ட் இல்லை. பிறகு அளந்தால் ஏன் இப்போது அளக்கிறாய் என்று கேட்பார்கள். அப்படியே விட்டேன்.

மூன்று கிழமை போனது. அளவில் யாரும் எதிர்பாராத ஒரு புதினம் வந்தது. வெளியிலிருந்து கொடுக்கும் காந்தப்புலத்தை நிறுத்தினால் அந்தப் பளிங்கில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. எதிரெதிராய் நிற்பவை ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். இதிலோ கொஞ்சம் மிஞ்சியது. ஒரு பளிங்கில் கூட, ஒன்றில் குறைவு, ஆனால் எல்லாவற்றிலும் மிஞ்சியது. அந்த அணுக்கள் நேருக்கு நேர் எதிராக நிற்காமல் சற்றுச் சரிந்து நிற்கின்றனவோ என்று பர்ஹானா மிஸ் முதலில் நினைத்தார். அப்படியானால் இருபத்தைந்து கெல்வினைத் தாண்டியதும், வரிசை கலைய, மிச்சமும் போக வேண்டும். போகவில்லை. இடையில் கரண்ட் போய்விடுவதால் நாற்பது கெல்வினுக்கு மேல் எங்களால் ஒருநாளும் அளக்க முடியவில்லை. இன்னும் மேலே எங்கோ இன்னொரு ஒழுங்கு இருக்கிறது, இதுவரை யாரும் காணாதது என்று வெளிநாட்டில் இருந்த அவருடைய பேராசிரியர் எழுதியிருந்தார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு வர இருந்தது. பர்ஹானா மிஸ் ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவெடுப்பவர்கள் அவர்கள். இந்த மிச்சத்தைத்தான் அவர்களுக்குக் காட்டுவதாக இருந்தது.

புதன்கிழமை அதிசயமாகக் கரண்ட் போகாமல் நின்று பிடித்தது. முதல்முறையாக அறை வெக்கை வரைக்கும் சூடாக்கி அளந்தோம். பதினொரு மணியளவில் முடிந்தது. எந்த வெக்கைக்கும் கலையாமல் மிச்சம் அப்படியே நின்றது.

சிவமண்ணன் கையைத் தட்டினார். "மிஸ், இது பெரிய சாமான் போல கிடக்கு. பேப்பரில படம் வந்தா நாங்களும் பின்னால நிப்பம்" என்றார்.

பர்ஹானா மிஸ் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணன், இந்தப் பெட்டி ஸ்ட்ரோ வெறுமையா அளந்த தானே?"

அவர் சரியான இடத்தில் சந்தேகப்பட்டார். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டார். சிவமண்ணன் பார்க்கிறார், பக்கத்து மேசையில் இருந்த இரண்டு மாணவர்கள் பார்க்கிறார்கள். நான் மறுபடியும் தலையாட்டினேன். அவர் திரும்பி எழுதத் தொடங்கினார்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் பின்பக்கம் போனேன். மூன்று கிழமைக்கு முன் பெட்டியைத் தட்டிய சீமெந்து விளிம்பு அங்கேதான். மழையில்லாத மாதம். வெள்ளை மண்ணைக் காற்றுக் கொண்டு போயிருந்தது. பாரமான கறுப்பு மண் மட்டும் மூலையில் ஒரு கோடாகக் கிடந்தது.

வடக்கே புல்மோட்டைப் பக்கம் இரும்புத் தாது கலந்த அந்த மண் குவியலாகவே இருக்கும். நிலாவெளிக் கரையிலும் அலை வந்து போன இடத்தில் கோடு கோடாகக் காணலாம். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி அந்தக் கரையில் இழுத்திருக்கிறேன். காந்தத்தில் முடி முளைத்தது போல மண் நிற்கும். கடல் தெரியாத ஊரில் படித்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். அறிவித்தல் பலகையில் கடதாசியைப் பிடித்திருந்த காந்தத்தைக் கழற்றி வந்து மூலையில் வைத்தேன். முடி முளைத்தது. பெட்டியிலிருந்த ஸ்ட்ரோ ஒன்றை நீளமாகக் கிழித்து வெயிலில் பிடித்தேன். உட்புறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், நாலைந்து கறுப்புப் புள்ளிகள். வெளிப்புறத்தைத்தான் நான் துடைத்திருந்தேன்.

சிவமண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஸ்ட்ரோவை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருசம் கிடக்கு. ரெண்டு தரம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப இல்லையெண்டால் விசாரணை வைப்பாங்கள். நாளைக்குக் குழு முடியட்டும். பிறகு பெட்டியை மாத்துவம். மிச்சம் தானாக் காணாமல் போகும், அவவே கண்டுபிடிப்பா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது. ஆனால் நாளைக்குக் குழு அதை ஏற்றுக்கொண்டால்? அது அச்சில் வரும். வேறு நாட்டில் யாராவது அதே பளிங்கைத் தங்களுடைய சுத்தமான ஸ்ட்ரோவில் அளப்பார்கள். மிச்சம் இருக்காது. அப்போது யாரும் திருகோணமலையில் ஒரு ஸ்ட்ரோப் பெட்டியைத் தேட மாட்டார்கள். பர்ஹானா மிஸ்ஸின் பெயரைத்தான் தேடுவார்கள்.

இரண்டு மணிக்கு அவருடைய அறைக்குப் போனேன். குழுவுக்குக் காட்டும் படங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் வசனம் பாடமாக்கியிருந்தேன். உள்ளே போனதும் ஒன்றும் வரவில்லை. மண்ணை மடித்து வைத்திருந்த கடதாசியை மேசையில் விரித்தேன். காந்தத்தைப் பக்கத்தில் வைத்தேன். மண் எழுந்து ஒட்டியது. கிழித்த ஸ்ட்ரோவையும் வைத்தேன்.

அவர் மண்ணைப் பார்த்தார், ஸ்ட்ரோவைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"பெட்டி வந்த நாளில இருந்து, மிஸ். நான் வெறும் ஸ்ட்ரோ அளக்கேல்ல. ரெண்டு தரமும் பொய்க்குத்தான் தலையாட்டினனான்."

அவர் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து கண்ணை மூடினார். திட்டுவார் என்று நின்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொல்லும் சொல்தான் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவருடைய முகத்திலிருந்து ஏதோ இறங்கியிருந்தது.

"மூணு கிழமையா எனக்கு நித்திரையில்ல அண்ணன். இது ஏன் மிஞ்சுது எண்டு நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுற எண்டு தெரியாம இருந்த. எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்த. மண்ணெண்டு மட்டும் நினைக்கல்ல." பிறகு குரலை இறுக்கினார். "ஆனா நீங்க தலையாட்டின சரியில்ல. அதைப் பிறகு கதைப்பம். இப்ப வெறும் ஸ்ட்ரோவ இறக்குங்க."

பிறகு கதைப்பம் என்ற அந்தப் பேச்சு அடுத்த கிழமை தலைவரின் அறையில் நடந்தது. விசாரணை இல்லை. அரை மணித்தியாலம் தலைவர் பேசினார், நான் கேட்டேன். முடிவில் ஒரு கொப்பியைத் தந்து, வெறும் ஸ்ட்ரோ அளந்தால் நாளும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். நீங்கள் இப்போது கையெழுத்து வைக்கும் கொப்பி அதுதான். யாரும் உங்களை நம்பாமல் வைத்த கொப்பி என்று நினைக்காதீர்கள். என்னைப் போல வாய் வராதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கொப்பி எப்போதும் பக்கத்தில் இருக்காது. யாராவது கேட்கும்போது நீங்கள் செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லுங்கள். முதல் நாளே சொன்னால் பத்து நிமிடம்தான் போகும். எனக்குப் பத்து நிமிடம் மூன்று கிழமையாக வளர்ந்தது.

அந்தப் புதன்கிழமைக்கே வருகிறேன். வெறும் ஸ்ட்ரோவை இறக்கினோம். பளிங்கே இல்லாத ஸ்ட்ரோ, அதே மிச்சத்தைக் காட்டியது. "வெறும் ஸ்ட்ரோவுக்கே பட்டம் குடுக்கலாம் போல" என்று சிவமண்ணன் சொல்ல, பர்ஹானா மிஸ் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பின்னாளில் மச்சானிடம் இதைச் சொன்னபோது, "கடற்கரையில கிடந்த பெட்டிக்குள்ள மண் இல்லாம மாவோ இருக்கும்?" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் பிழையில்லை.

பிறகு ஸ்ட்ரோக்களைச் சவர்க்கார நீரில் ஊறவைத்து, உள்ளேயும் தூரிகை விட்டுக் கழுவி, வடித்த நீரில் அலசி உலர்த்தினேன். முதல் ஸ்ட்ரோவை வெறுமையாக அளக்க, மிச்சம் இன்னும் ஒரு துளி தெரிந்தது. எறிந்தேன். இரண்டாவதில் ஒன்றுமில்லை. அதை மறுபடியும் இறக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பர்ஹானா மிஸ் நுணுக்குக்காட்டியில் பளிங்கைப் பார்த்து, ஒட்டியிருந்த இரண்டு கறுப்பு மண் துகள்களைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தார். நாலு மணிக்குப் பளிங்கைக் கட்டி இயந்திரத்தைக் குளிர விட்டோம். இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை. கரண்ட் போகாமல் நிற்குமா என்பது மட்டும்தான். குழுவைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கலாம் என்று சிவமண்ணன் சொன்னார். பர்ஹானா மிஸ் யோசித்துவிட்டு, அளவு வந்தாலும் வராவிட்டாலும் நடந்ததைச் சொல்லப் போகிறேன், தள்ளிப் போட்டால் மறைக்கிறது போல இருக்கும் என்றார்.

வியாழன் காலமை ஆறு மணிக்கு அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தேன். இயந்திரத்தைக் குளிராக்கும் கொம்பிரசரின் சத்தம் வாசலிலேயே கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு சந்தோசமாக ஒருநாளும் கேட்டதில்லை. இயந்திரம் ஏழு கெல்வினில் நின்றது. சிவமண்ணன் ஏற்கெனவே வந்து கதிரையில் இருந்தார். முதல் பஸ்ஸில் பர்ஹானா மிஸ் வந்தார். அளக்கத் தொடங்கினோம்.

புலத்தை நிறுத்தினோம். இலக்கம் இறங்கி இறங்கிப் பூச்சியத்தில் வந்து நின்றது. மிச்சம் இல்லை. பிறகு மெதுவாகச் சூடாக்க, திரையில் கோடு ஏறியது. ஏழரை மணியளவில் விளக்கு ஒருமுறை மின்னியது, மூன்று பேரும் மூச்சை அடக்கினோம், நிலைத்தது. இருபத்தைந்துக்குக் கிட்டக் கோடு ஒரு கூர்முனையாக உயர்ந்து, அங்கிருந்து கீழே சரிந்தது. மலையின் வடிவம் மாதிரி. வரிசை கலைந்த இடம் அந்த உச்சிதான். புத்தகத்தில் போடக்கூடிய, யாருக்கும் புதினமில்லாத கோடு. பர்ஹானா மிஸ் விரலால் திரையில் அந்த உச்சியைத் தொட்டார். "இது எனக்கு விளங்குது" என்றார்.

எட்டரைக்கு முடிந்தது. ஒன்பது மணிக்குக் குழு வந்தது.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று கிழமை அளவுகளை முதலில் காட்டினார். இவை பிழை என்றார். வெறும் ஸ்ட்ரோவின் அளவைக் காட்டினார், மண்ணைக் காட்டினார். பிறகு காலமை எடுத்த கோட்டைக் காட்டினார். இந்த ஊரில் இந்த மண் எல்லா இடத்திலும் இருக்கும், இனி ஒவ்வொரு ஸ்ட்ரோவையும் அளந்துதான் பாவிப்போம் என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். குழுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

"முந்தினது அழுக்கெண்டு சொல்லுறீங்கள். சரி. இந்த ஸ்ட்ரோ துப்பரவெண்டு எப்பிடித் தெரியும்?"

பர்ஹானா மிஸ் கதவுப் பக்கம் திரும்பினார். "அளந்தவர் அங்க நிக்கிறார் சேர். அவரிட்டயே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கழுத்து பழக்கத்தில் அசையப் பார்த்தது. தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தேன்.

"நேற்றுப் பின்னேரம் மூண்டு மணிக்கு வெறுமையா இறக்கி அளந்தனான் ஐயா. ரெண்டு தரம். ஒண்டும் இருக்கேல்ல."

அவர் குனிந்து அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.